தீயணைப்பு நிலையத்தை எங்கே வைப்பது என்று படிக்க ஆசைப்படும் மகளின் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

உங்கள் மகள் ஈரோட்டில் பிளஸ் ஒன், கணிதம்–கணினி அறிவியல் பிரிவு. பள்ளிக் கண்காட்சிக்காக ஊர் வரைபடத்தில் தீயணைப்பு நிலையத்தைச் சுற்றிக் காம்பஸால் வட்டம் போட்டு, எந்தத் தெருவுக்கு வண்டி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்று கணக்குக் காட்டியிருக்கிறாள். பரிசும் வாங்கிவிட்டாள். இப்போது ‘இதைத்தான் படிக்கப் போகிறேன்’ என்று பிடிவாதமாக இருக்கிறாள். சொந்தக்காரர்களோ ‘பொம்பளப் புள்ளையத் தீயணைப்பு வண்டியில ஏத்திவிடப் போறீங்களா?’ என்று கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிட்டால் நிம்மதி என்பது உங்கள் எண்ணம். இப்படி ஒரு வேலை உண்டா, அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொந்தக்காரர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஏறும் வேலையிலும் பெண்கள் இருக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி தொகுதி 1 தேர்வில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் மாவட்ட அலுவலர் பதவியும் உண்டு. அந்தத் துறையில் அதிகாரியாக இருந்த பிரியா ரவிச்சந்திரன் 2012-ல் சென்னை எழிலகம் வளாகத் தீவிபத்தில் களத்தில் நின்று தீக்காயம் பட்டவர். ஆனால் உங்கள் மகள் கேட்பது இந்த வேலையை அல்ல. தீப்பிடிப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, வண்டி எந்த இடத்தில் நின்றால் ஊருக்கு நல்லது என்று முடிவு செய்கிறவர்களைப் பற்றிக் கேட்கிறாள்.

இந்த வேலைக்கென்று தனிப் பெயரில் ஒரு பதவி கிடையாது. எந்த வேலைவாய்ப்பு அறிவிப்பிலும் அதைப் பார்க்க மாட்டீர்கள். வேலை மட்டும் இருக்கிறது, நகரத் திட்டமிடல், போக்குவரத்துப் பொறியியல், புவித்தகவலியல் (வரைபடத் தகவல்களைக் கணினியில் ஆராயும் துறை), புள்ளியியல் என்று பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது. எந்தக் கல்லூரி என்று பேசுவதற்கு முன், இதில் என்னதான் செய்கிறார்கள் என்று நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அப்புறம் கல்லூரிப் பட்டியலைப் பார்க்கும்போது எது பொருந்தும், எது பொருந்தாது என்று உங்களுக்கே தெரியும்.

அவள் போட்ட வட்டத்திலிருந்தே தொடங்கலாம். ஈரோட்டில் நின்று நாலைந்து கிலோமீட்டர் வட்டம் போட்டால் அது காவிரியைத் தாண்டிப் பள்ளிபாளையத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். காகத்துக்கு அது சரி. வண்டி பாலத்தைத் தேடிப் போக வேண்டும். சென்னையில் இது இன்னும் சிக்கல். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், புறநகர் ரயில் பாதை எல்லாம் நகரத்தை வகுந்து போட்டிருக்கின்றன. ஆற்றின் இந்தக் கரையில் இருக்கும் நிலையம் எதிர்க்கரைத் தெருவுக்கு, படத்தில் பார்ப்பதற்குப் பக்கம். போய்ச் சேர்வதற்குத் தூரம். அதனால் இந்தத் துறையில் யாரும் வட்டத்தை நம்புவதில்லை. சாலை வலையமைப்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சாலையிலும் வண்டி என்ன வேகத்தில் போக முடியும் என்று குறித்து, 5 நிமிடத்தில் எட்டக்கூடிய பரப்பை வரைவார்கள். அது வட்டமாக வராது. பெரிய சாலைகள் போகும் பக்கமெல்லாம் நீண்டும், சந்துகள் இருக்கும் பக்கம் குறுகியும், அமீபா மாதிரி இருக்கும்.

சரி, ஒரு நகரத்துக்கு எத்தனை நிலையம் வேண்டும்? மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோல்படி நகரத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும், வண்டி 5 முதல் 7 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கிராமப்புறத்துக்கு 20 நிமிடம். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட நகரத் திட்ட வழிகாட்டி வேறு கணக்குச் சொல்கிறது. 2 லட்சம் மக்களுக்கு ஒரு நிலையம், அதுவும் 1 முதல் 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருக்க வேண்டும்.

இரண்டையும் சென்னைக்குப் போட்டுப் பாருங்கள். 2011-ல் விரிவாக்கத்துக்கு முன்பிருந்த பழைய மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 46 லட்சம். பரப்பளவுக் கணக்கில் 17 நிலையம் போதும், மக்கள்தொகைக் கணக்கில் 23 வேண்டும். அதே ஆண்டு எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது, மக்கள் சுமார் 67 லட்சம் ஆனார்கள். இப்போது பரப்பளவு 43 கேட்கிறது, மக்கள்தொகை 34 கேட்கிறது. கணக்கு தலைகீழாகிவிட்டது. பழைய நகரம் நெருக்கமானது, புதிதாகச் சேர்ந்த பகுதிகள் அன்று அவ்வளவு நெருக்கம் இல்லை, அதுதான் காரணம். அளவுகோலை அப்படியே எடுத்துப் பொருத்தினால் எது பெரிய எண்ணோ அதை நிதி கேட்பவர் காட்டுவார், எது சிறியதோ அதை நிதி கொடுப்பவர் காட்டுவார். நடுவில் உட்கார்ந்து ‘எந்தத் தெருவுக்கு, எந்த நேரத்தில், என்ன ஆபத்துக்கு’ என்று கேட்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

அந்த ஆளுக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டும். எந்த மாதிரிக் கணிதம் என்று சொல்கிறேன், உங்கள் மகளிடம் படித்துக் காட்டுங்கள்.

1971-ல் அமெரிக்காவில் டோரிகாஸ், ஸ்வெயின், ரெவெல், பெர்க்மன் என்ற நால்வர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு இடமும், குறித்த நிமிடத்துக்குள் எட்டக்கூடிய ஒரு நிலையத்தையாவது பெற்றிருக்க வேண்டும். இந்த நிபந்தனையோடு நிலையங்களின் எண்ணிக்கையை எவ்வளவு குறைக்க முடியும் என்பது அவர்கள் கேள்வி. நிபந்தனைகளை மீறாமல் ஒன்றை எவ்வளவு கூட்டலாம், குறைக்கலாம் என்று பார்க்கும் நேரியல் திட்டமிடல் (லீனியர் புரோகிராமிங்) கணக்கின் அக்காள்தான் இது. விடை மட்டும் ‘இங்கே வை’ அல்லது ‘வைக்காதே’ என்று ஒன்று, பூஜ்ஜியத்தில் வரும். 1974-ல் சர்ச்சும் ரெவெலும் கேள்வியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரையும் எட்டும் அளவுக்குப் பணம் இல்லை, பத்து நிலையம்தான் கட்ட முடியும் என்றால், எந்தப் பத்து இடத்தில் வைத்தால் அதிகம் பேர் அந்த நேரத்துக்குள் வருவார்கள்? நம் நாட்டு அரசு அலுவலகங்களில் எழும் கேள்வி பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

இதே காலத்தில் நியூயார்க்கில் நடந்தது இன்னும் சுவாரசியம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் பெருமையும் அவமானமும் அதில்தான் இருக்கின்றன. 1960-களில் அந்த நகரத்தில் தீ அழைப்புகள் கட்டுக்கடங்காமல் பெருகின. 1969-ல் நகர நிர்வாகமும் ராண்ட் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஒரு ஆய்வு மையம் தொடங்கின. அங்கே பீட்டர் கோல்சாரும் எட்வர்ட் பிளமும் ஒரு எளிய விதியைக் கண்டார்கள். ஒரு வட்டாரத்தில் வண்டி போக வேண்டிய சராசரித் தூரம், பரப்பளவை நிலையங்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது தூரத்தைப் பாதியாக்க நிலையங்களை இரண்டு மடங்காக்கினால் போதாது, நாலு மடங்காக்க வேண்டும். ‘இன்னும் ரெண்டு ஸ்டேஷன் கட்டினா சரியாயிடும்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வர்க்கமூலத்தை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து கோல்சாரும் வாரன் வாக்கரும் 1974-ல் இன்னொரு கணக்கைத் தீர்த்தார்கள். ஒரு பகுதியின் வண்டிகள் எல்லாம் ஒரு பெரிய தீக்குப் போய்விட்டால் அந்தப் பகுதி வெறுமையாகிவிடும். அப்போது எங்கிருந்து எந்த வண்டியைத் தற்காலிகமாக நகர்த்தி வைப்பது? இதற்கு அவர்கள் எழுதிய வழிமுறைக்கு, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்ற முடிவெடுக்கும் கணிதத் துறையில் தரப்படும் லான்செஸ்டர் பரிசு கிடைத்தது. இதை நாம் வேறு விதத்தில் பார்த்திருக்கிறோம். தீபாவளி இரவில் சென்னையில் வண்டிகளை நிலையத்துக்குள் வைத்திருக்காமல், நெருக்கமான இடங்களில் தெருமுனையிலேயே கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரே நேரத்தில் பல அழைப்பு வரும் என்று தெரிவதால் செய்வது. அனுபவத்தில் செய்வதைக் கணக்கிலும் செய்ய முடியும் என்றால், தீபாவளி அல்லாத நாட்களுக்கும் அது உதவும் இல்லையா?

இது வரைக்கும் பெருமை. 1972 முதல் நியூயார்க்கில் இந்த ஆய்வுகளைக் காட்டிச் சில தீயணைப்புப் பிரிவுகள் மூடப்பட்டன, சில இடம் மாற்றப்பட்டன. அவற்றில் சவுத் பிராங்க்ஸ் போன்ற ஏழைப் பகுதிகளும் அடக்கம். அந்தப் பத்தாண்டில் அந்தப் பகுதி தெருத் தெருவாக எரிந்தது. எல்லாவற்றுக்கும் கணக்கு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. வீடுகளைக் கைவிட்ட உரிமையாளர்கள், நகரத்தின் நிதி நெருக்கடி எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தக் கணித மாதிரிகளைக் கடுமையாகச் சாடினார்கள். பயண நேரம் ஒன்றையே அளவாக எடுத்தது தவறு, போக்குவரத்து நெரிசலின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்றார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நிலையம் இருந்தால், தூரத்தை மட்டும் பார்க்கும் கணக்கு ஒன்றை உபரி என்று சொல்லிவிடும். அங்கே இரண்டு இருந்ததே அழைப்புகள் ஓயாமல் வருவதால்தான் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

என் கருத்தில் உங்கள் மகளின் படிப்பைத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இதுதான். கணக்குப் போடுவதை இன்று மென்பொருள் செய்துவிடும். கணக்கில் எது விட்டுப்போயிற்று என்று பார்க்கிறவருக்குத்தான் மதிப்பு. அதற்குக் கணிதமும் வேண்டும், தெருவில் நடந்த கால்களும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் தரும் படிப்பில் அவளைப் போட்டுவிடாதீர்கள்.

தெருவைப் பற்றி ஒரு உதாரணம். 2017 மே 31-ம் தேதி அதிகாலையில் தி.நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்தது. தி.நகரிலேயே தீயணைப்பு நிலையம் உண்டு. தேனாம்பேட்டை, எழும்பூர் எல்லாம் தூரமில்லை. விடியற்காலை, நெரிசலும் கிடையாது. எந்த வரைபடத்தில் பார்த்தாலும் அந்த இடம், வண்டி நேரத்துக்குள் எட்டும் பச்சை நிறப் பகுதியில்தான் இருக்கும். ஆனாலும் ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. அடர்ந்த புகையில் உள்ளே நுழைய முடியாமல் சுவரைத் துளைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. கட்டடத்தைக் கடைசியில் இடித்தே தள்ளினார்கள். வண்டி வாசலுக்கு வருவதும், தண்ணீர் தீயைத் தொடுவதும் ஒரே நேரம் அல்ல. பதினைந்தாவது மாடியில் தீ என்றால் வாசலுக்கு 6 நிமிடத்தில் வந்தும் மேலே போக இன்னொரு 6 நிமிடம் ஆகலாம். சௌகார்பேட்டைச் சந்துக்குப் பெரிய வண்டி முனையோடு நின்றுவிடும். மும்பையில் நெருக்கமான பகுதிகளில் சிறு நிலையங்களை வைத்துப் பார்க்கிறார்களே, அது இந்தச் சிக்கலுக்குத்தான். பெரிய நிலையம் ஒன்றா, சிறு வண்டியோடு சின்ன நிலையம் நாலா என்பதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

வெளிநாட்டு அளவுகளிலும் இந்த வேறுபாடு தெரியும். ஹாங்காங்கில் அடர்ந்த பகுதிக்கு 6 நிமிடம், மற்ற இடங்களுக்கு 9 முதல் 23 நிமிடம் என்று பிரித்துவைத்து, அடர்ந்த பகுதியில் 92 விழுக்காடு அழைப்புகளுக்கு அதைக் காப்பாற்ற வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தீப் பாதுகாப்புச் சங்கம் வகுத்த என்எஃப்பிஏ 1710 தரநிலை முதல் வண்டியின் பயணத்துக்கு 4 நிமிடம் தருகிறது, 90 விழுக்காட்டு அழைப்புகளில். லண்டன் சராசரியைப் பார்க்கிறது: முதல் வண்டி 6 நிமிடம், இரண்டாவது 8 நிமிடம். சராசரி, 90 விழுக்காடு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். சராசரி 6 நிமிடம் என்ற ஊரில் ஏதோ ஒரு மூலைக்கு 20 நிமிடம் ஆகிக்கொண்டிருக்கலாம், எண்ணில் அது தெரியவே தெரியாது. இதை அவளே விளக்கிவிட்டால் புள்ளியியலுக்கு ஏற்ற பிள்ளை என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

இனி படிப்பு. நேரான வழி பி.பிளான் என்ற நகரத் திட்டமிடல் இளங்கலை, நான்கு வருடம். டெல்லி, போபால், விஜயவாடா திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைக் கல்லூரிகளில் இருக்கிறது. ஜேஇஇ மெயினில் பேப்பர் 2பி எழுத வேண்டும், பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். இதில் தெருவும் சட்டமும் நன்றாகக் கிடைக்கும், கணிதம் குறைவு. பக்கத்தில் கிடைப்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் உள்ள பி.இ. ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது புவித்தகவலியல். வரைபடம், செயற்கைக்கோள் படம், நிரல் எழுதுவது மூன்றும் சேர்ந்த படிப்பு. பொறியியல் கலந்தாய்வு வழியாகவே கிடைக்கும். அவளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சிவில் படித்துவிட்டு முதுநிலையில் போக்குவரத்துப் பொறியியலுக்குப் போவதும் நல்ல வழி, கொஞ்சம் சுற்று. கணிதத்திலேயே ஊறியவள் என்றால் புள்ளியியல் அல்லது கணிதத்தில் இளங்கலை முடித்துவிட்டு, முதுநிலையில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பக்கம் போகலாம். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம், ஐஐடி பம்பாய் போன்ற இடங்கள் இருக்கின்றன.

பெயரைப் பார்த்து மயங்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது: ஃபயர் இன்ஜினியரிங். நாக்பூர் தேசிய தீயணைப்புச் சேவைக் கல்லூரியிலும், கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் தீ பொறியியல் என்ற பெயரிலும் இருக்கிறது. நல்ல படிப்பு, வேலையும் கிடைக்கும், ஆனால் அது ரிஃபைனரி, தொழிற்சாலை, கட்டடப் பாதுகாப்பு நோக்கியது. நகரத்தில் நிலையத்தை எங்கே வைப்பது என்பது அங்கே ஒரு ஓரத்தில்தான் வரும். பாடத்திட்டத்தைப் பார்க்காமல் பெயரை நம்பிச் சேர்த்துவிடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் கம்ப்யூட்டர் சயின்ஸும் தப்பில்லை. அதில் சேர்ந்தாலும் கடைசி வருட புராஜெக்ட்டை இந்தப் பக்கம் எடுத்து, முதுநிலையில் மாறிக்கொள்ளலாம். ஆனால் நாலு வருடம் ஆர்வத்தை அணையாமல் வைத்திருப்பது அவள் பாடு. சில பிள்ளைகளால் முடியும், பல பிள்ளைகள் கேம்பஸ் இன்டர்வியூவோடு மறந்துவிடுவார்கள்.

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். அரசுத் துறையில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம் ஆகியவை நகரத் திட்டமிடுநர்களை எடுக்கின்றன. எண்ணிக்கை சிறியது, காத்திருப்பு நீளம். 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக உயர்த்தினார்கள். அவ்வளவு நிலத்திலும் பள்ளி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் இடம் குறிக்க ஆள் வேண்டும். தீயணைப்புத் துறைகளை விரிவாக்கவும் நவீனமாக்கவும் மத்திய அரசு 2023-ல் மாநிலங்களுக்கு 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. இந்த மாதிரிப் பணம் வரும்போது ஆய்வு வேலை பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்களுக்குப் போகிறது. நாடு முழுவதற்குமான தீ அபாய ஆய்வை உள்துறை அமைச்சகத்துக்காகச் செய்து கொடுத்தது ஆர்எம்எஸ்ஐ என்ற தனியார் நிறுவனம்தான். புவித்தகவலியல் படித்தவர்களுக்கு முதல் வேலை இப்படிப்பட்ட இடங்களில் கிடைப்பதே வழக்கம். ஆரம்பச் சம்பளம் மென்பொருள் நிறுவனங்களை விடக் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க வேண்டாம்.

அப்படியே இந்த வேலை கிடைக்காவிட்டால்? 108 ஆம்புலன்ஸை எங்கே நிறுத்துவது என்பதும் இதே கணக்கு. பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவரும் கம்பெனிக்காரன் கிடங்கை எந்தத் தெருவில் வாடகைக்குப் பிடிக்க வேண்டும் என்பதும் இதே கணக்குதான், அவன் சம்பளமும் நன்றாகவே கொடுக்கிறான். வங்கி ஏடிஎம், மின்சார வண்டி சார்ஜிங் நிலையம், செல்போன் கோபுரம் எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. சோறு போடுமா என்று கேட்டீர்களே, இந்தக் கணிதம் தெரிந்தவள் பட்டினி கிடக்க மாட்டாள்.

இந்தக் கோடை விடுமுறையில் செய்ய ஒரு வேலை. காம்பஸை ஓரம் வைத்துவிட்டு அதே ஈரோட்டு வரைபடத்தை க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் மறுபடி போடட்டும். சாலைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் இலவசமாகவே கிடைக்கும். வீட்டுக் கணினி பழையது என்றாலும் ஓரளவு ஓடும். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது, அதில் ஒன்றில் சேரலாம். கூடவே நீங்களும் ஒரு நாள் அவளைத் தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். நிலைய அலுவலரிடம் அனுமதி கேட்டு, மணி அடித்ததும் வண்டி வாசலைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது, ஜவுளிச் சந்தை நாளில் எந்தத் தெருவைத் தவிர்ப்பார்கள், தண்ணீர் தீர்ந்தால் அடுத்த லோடு எங்கே நிரப்புவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பதில்களை வைத்து வரைபடத்தில் வேகத்தை மாற்றிப் போட்டதும் அவளுடைய பழைய வட்டம் எப்படி உருமாறுகிறது என்று அவளே பார்ப்பாள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் நீங்கள் தாராளமாகச் சம்மதிக்கலாம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு ஜேஇஇ விண்ணப்பம் நிரப்பும்போது பி.இ., பி.டெக்.குக்கான பேப்பர் 1-ஓடு சேர்த்துப் பேப்பர் 2பி-யையும் தேர்வு செய்யச் சொல்லுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும். பலர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, ரிசல்ட் வந்த பிறகு பி.பிளானுக்கு என்ன வழி என்று கேட்டு வருகிறார்கள்.